நீர் என்னும் அடுக்கு

வரைபடம் வேறொரு ஊருக்காகப் போட்டது.
ஏதோ கடற்கரைப் பட்டணம். டெண்டர் கைநழுவ
கோப்பின் பெயரை மட்டும் மாற்றி
எங்கள் பாலாற்றுக்கு அனுப்பிவிட்டார்கள்.
திறந்ததும் திரை முழுக்க நீலம்.
'நீர்' என்னும் அடுக்கை அணைத்தால்
விருதம்பட்டுக் கரையில்
நடைபாதை, விளக்குக் கம்பம், ஐஸ்க்ரீம் கடை எல்லாம்
வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.
"அணைக்காதீங்க மேடம்,
கமிஷனர் பார்க்கணும்" என்றார் சென்னையிலிருந்து வந்தவர்.

நான் ஒப்பந்த ஊழியர். மாதம் பதினெட்டாயிரம்.
அணைக்கவில்லை.

கருத்துக் கேட்பு, கல்யாண மண்டபத்தில்.
முந்தைய நாள் முகூர்த்தத்து வாழைமரம்
வாசலில் அவிழ்க்காமல் நின்றது.
முனிரத்தினம் எழுந்தார்.
அப்போது மணல் வண்டி, இப்போது ஷேர் ஆட்டோ.
படத்தின் மூலையில் விரலை வைத்து,
"இது இன்னா பறவ?"
கடற்காகம் என்று யாரோ சொல்ல,
மண்டபம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.
அவர் சிரிக்கவில்லை.
"அவ்ளோ தொலைவு பறந்து வந்துக்கீது,
குடிக்கத் தண்ணி எங்க கீது?
அதுக்காவது ஒரு போர் போட்டுக் குடுங்க."

மதிப்பீட்டில் பதினொன்றாம் பக்கம்:
உப்புக் காற்றைத் தாங்கும் உயர்ரக எஃகுக் கைப்பிடி,
ஆயிரத்து நானூறு மீட்டர்.
கடல் எங்கே, வேலூர் எங்கே.
உதவிப் பொறியாளர் சிவப்புப் பேனாவை எடுத்தபோது
தில்ஷாத் பேகம் கை தூக்கினார்.
தன் வீட்டு போர் தண்ணீரில் குக்கர் வெள்ளை பூக்கிறது,
குழாய் இரண்டு வருஷம் தாங்கினால் பெரிது,
மேலே தோல் ஊறவைத்த உப்பெல்லாம்
மண்ணுக்கடியில் நடந்து வருகிறது என்றார்.
"அத மட்டும் அடிக்காதீங்க சார்.
இவ்ளோ பெரிய பிளான்ல
எங்க ஊரப் பத்தினது அது ஒண்ணுதான்."

குறிப்பேட்டில் எழுதினேன்:
பறவை நீக்கம். எஃகு அப்படியே.

படகுத்துறை என்று கட்டம் போட்ட இடத்தில்
பையன்கள் பிட்ச் வைத்திருந்தார்கள்,
எங்கிருந்தோ கொண்டுவந்த சிமென்டைக் கரைத்து ஊற்றி.
அளவு நாடாவோடு குறுக்கே போன என்னை
"ஓவர் முடியட்டும் மேடம்" என்று நிறுத்தினான் விக்கெட் கீப்பர்.
நின்றேன். இன்னும் நாலு பந்து.
மூன்றாவதில் ஒருவன் அவுட், அதற்கொரு சண்டை.
அன்றிரவு துறையை நாற்பது மீட்டர்
கிழக்கே தள்ளிவைத்தேன்.
யார் கண்ணிலும் படவில்லை.
நீலத்தின்மேல் எதை எங்கே நகர்த்தினால் என்ன.

ஐப்பசிக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை,
வந்தேவிட்டது.
மேற்கே எந்தெந்த ஏரியோ நிரம்பி வழிந்து,
நுரையும் ஒற்றைச் செருப்பும்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலியுமாய்
மணலைத் தடவித் தடவி
வழி கேட்டுக்கொண்டே வந்தது.
காட்பாடி பாலத்தில் வண்டிகள் தாமாக நின்றன.
பால்காரர் கேனை இறக்கிவைத்தார்.
டூட்டி முடித்த நர்ஸ்கள், பெட்ரோல் டேங்கின் மேல் குழந்தைகள்,
ஆம்புலன்சுக்கு வழிவிட்டு மறுபடி கூடிய கூட்டம்.
ஒருவர் ஃபோனைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டி
துபாயிலிருக்கும் யாருக்கோ
சத்தத்தை மட்டும் கேட்கவிட்டார்.
முனிரத்தினம் ஆட்டோவின் கூரையில் ஏறி நின்றிருந்தார்.
என்னைப் பார்த்ததும் கத்தினார்:
"மேடம்! உங்க நீலம் இல்ல இது!"

இல்லைதான். டீயின் நிறம்.

கரையில் ஒருவரும் இல்லை.
ஊர் முழுக்க பாலத்தின் மேற்குப் பக்கம்,
ஒன்றரை அடி விளிம்பில்,
ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு.

மறுநாள் திருத்தம் அனுப்பினேன்:
பாலத்தின் மேற்குப் பக்க நடைபாதையை
இரண்டு மீட்டர் அகலப்படுத்த வேண்டும்.
மற்றவை பிறகு.

பதில் வந்தது:
பாலம் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது.
ஆற்றங்கரைத் திட்டத்தின் எல்லைக்குள் வராது.